ரெண்டு ஏக்கரும் ஒரு விசாவும்

மதுரையில் இருந்து திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி போகிற வழியில், நான்குவழிச் சாலையை விட்டு இறங்கினால் கரிசல் காடுதான். பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, குதிரைவாலி என்று மழையை நம்பி விதைக்கிற பூமி. மழை பொய்த்த வருஷங்களில் ஊரை விட்டுக் கிளம்புவது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிதல்ல. பாட்டன் காலத்தில் கங்காணியோடு மண்டபம் முகாமுக்குப் போய், அங்கே உடல் பரிசோதனை முடித்து, தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கிக் கண்டிச்சீமைத் தோட்டங்களுக்குப் போனார்கள். விசா என்ற வார்த்தையே அவர்கள் காதில் விழுந்திருக்காது. சுதந்திரம் அடைந்த இலங்கை 1948இல் குடிவரவுச் சட்டம் கொண்டுவந்த பிறகு அந்தத் திறந்த வாசலும் மூடியது.

இன்று நிலைமை வேறு. பருத்தி விற்ற காசில் இன்ஜினீயரிங் படித்த பிள்ளைகள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றவர்கள் பேரப்பிள்ளையைப் பார்க்க டூரிஸ்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

டூரிஸ்ட் விசா என்பது, ‘போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்’ என்று ஒருவர் கொடுக்கும் வாக்கு. விண்ணப்பம், கட்டணம், கைரேகை, நேர்காணல் எல்லாமே அந்த வாக்கை நம்பலாமா என்று பார்ப்பதற்குத்தான். விவசாயிக்கு இதில் சிக்கலே இருக்கக் கூடாது. நிலத்தைச் சுருட்டிக்கொண்டு எவரும் விமானம் ஏற முடியாது. ஆனாலும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல விவசாயிகளே அதிகம் திணறுகிறார்கள். கள்ளிக்குடிப் பக்கத்து விவசாயி ஒருவருக்கும் அப்படித்தான் ஆனது. வயது 62. மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரத்தில் இருக்கிறார்.

பெயரில் இருந்தே வேலை ஆரம்பம்

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த வாரமே, அவரும் மனைவியும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார்கள். முதல் தடங்கல் பெயரில் வந்தது. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருந்தது. வாக்காளர் அட்டையில் இனிஷியலே இல்லை. பழைய பள்ளிச் சான்றிதழில் பெயரோடு குலதெய்வத்தின் பெயரும் சேர்ந்திருந்தது. பிறந்த தேதியோ மூன்று இடத்தில் மூன்று விதம். ‘பெரிய பஞ்சத்துக்கு அடுத்த வருஷம், ஐப்பசி மாசம்’ என்று அவருடைய அம்மா சொல்லி வைத்ததுதான் உண்மையான கணக்கு.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது. அப்பா பெயரை முழுதாக விரித்து, சொந்தப் பெயர் ஒரு கட்டத்திலும் குடும்பப் பெயர் இன்னொரு கட்டத்திலும் வர வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்குப் பின்னால் தொல்லை வருகிறது. ஐக்கிய அரபு நாடுகள் 2022 நவம்பரில் இருந்தே ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசா தருவதில்லை. அவர் முதலில் ஆதாரைத் திருத்தி, எல்லா ஆவணத்தையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட்டுக்குப் போனார். அதற்கே இரண்டு மாதம் ஆனது. பத்தாவது படிக்காதவர்களுக்கு வரும் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்ற குறிப்பு இருவருக்கும் வரவில்லை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு அது கிடையாது.

அடுத்தது விசா விண்ணப்பம். அமெரிக்காவுக்கு டிஎஸ்-160 என்ற படிவத்தை இணையத்தில் ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். மகள் போனில் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் கேட்டு நிரப்பினார். தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று தேர்ந்தெடுக்க வழி இருந்தது. அதற்குக் கீழே மாத வருமானம் என்று ஒரு கட்டம்.

“மாசா மாசம் எங்கம்மா வருது? மாசியில பருத்தி போட்டா வரும், மழை இல்லாட்டி அதுவும் வராது.”

கடைசியில் மூன்று வருஷ வரவைக் கூட்டி, செலவைக் கழித்து, மாதத்துக்கு வகுத்து எழுதினார்கள். சிறிய தொகைதான். கூட்டி எழுதலாமா என்று அவர் கேட்டதற்கு மகள் ஒத்துக்கொள்ளவில்லை. விசா படிவத்தில் பொய் சொன்னது தெரிந்தால், அந்த ஒருமுறை மறுப்பதோடு நிற்காது. அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் முழுக்க நுழைவுத் தடை வரலாம்.

கட்டணம் 2023 ஜூன் முதல் ஆளுக்கு 185 டாலர். இரண்டு பேருக்கு முப்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது. விசா கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது.

நேர்காணலுக்கு முன்னால் சென்னையில் பத்து விரல் ரேகையும் போட்டோவும் எடுப்பார்கள். ரேஷன் கடையில் விரல் வைத்து வைத்து அலுத்துப்போனவர்களுக்கு இந்த வேதனை தெரியும். களைக்கொத்தும் மண்வெட்டியும் பிடித்துத் தேய்ந்த கை, பருத்திச் சுளையின் ஓடு கிழித்த விரல் நுனி. அவருடைய இடது பெருவிரல் ரேகை மூன்று தடவை வைத்தும் சரியாக விழவில்லை. அங்கிருந்த பெண் துணியால் துடைத்துவிட்டு, அழுத்திப் பிடித்து மறுபடி எடுத்தார். ரேகை எடுக்கப் போகிறவர்கள் பத்து நாளுக்கு முன்பிருந்தே சுண்ணாம்பு, சிமென்ட், உர மூட்டை வேலைகளில் இருந்து கையை விலக்கி வைப்பதும், இரவில் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவுவதும், அன்று காலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போவதும் நல்லது. விரல் நுனியில் மருதாணி வைத்திருந்தாலும், வெட்டுக்காயம் இருந்தாலும் ரேகை எடுப்பது சிரமம்.

ஆறு ஏக்கர், ஆறு மாதம்

பாண்டியன் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கி, இருவரும் அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போனார்கள். கையில் கனமான ஒரு கோப்பு. பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பேங்க் பாஸ்புக், மகளின் சம்பளச் சீட்டு, மாப்பிள்ளையின் வேலைக் கடிதம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது. மனைவி கல்யாண போட்டோவையும் ஒன்று எடுத்து வைத்திருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி தமிழிலேயே பேசினார். எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்டார். மகளுக்குப் பிரசவம் என்றார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டதும், “ஆறு மாசம்” என்றார் அவர். போய் வந்தவர்கள் எல்லாரும் ஆறு மாதம் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். என்ன தொழில், எவ்வளவு நிலம் என்று அடுத்த கேள்வி. “ஆறு ஏக்கருங்க. பருத்தி, உளுந்து.” ஆறு மாதம் நீங்கள் அங்கே இருந்தால் இங்கே விவசாயத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார் அதிகாரி. “தம்பி பாத்துக்குவான்” என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. கோப்பைத் திறக்கச் சொல்லவே இல்லை. பாஸ்போர்ட்டுகளோடு ஒரு தாள் திரும்பி வந்தது. அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி விசா மறுக்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

இந்தப் பிரிவைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிட நினைப்பவர் என்றுதான் அந்தச் சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை, ஊரில் எனக்கு விட முடியாத பிடிப்பு இருக்கிறது என்று காட்ட வேண்டியது விண்ணப்பிக்கிறவரின் பொறுப்பு. மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. ஆனால், எப்போது வேண்டுமானாலும் மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஒருமுறை மறுத்தது அடுத்த முறைக்குத் தடை இல்லை. மறைக்காமல் படிவத்தில் சொன்னால் போதும்.

குறிப்பாக எந்தப் பதிலால் விசா மறுக்கப்பட்டது என்று அந்தத் தாள் சொல்லாது. ரயிலில் திரும்பும்போது அவருடைய மனைவிதான் யோசித்துச் சொன்னார். “ஏங்க, ஆறு மாசம்னு சொன்னீங்களே, அங்கிட்டு ஆறு மாசம் இருந்தா இங்கிட்டு வெதப்பு என்னாகும்? புரட்டாசி தவறினா அந்த வருசம் போச்சுல்ல. நீங்க அப்புடி விட்டுட்டு இருப்பீங்களா?”

இருக்க மாட்டார். நாற்பது வருஷத்தில் ஒரு புரட்டாசியைக்கூட அவர் வெளியூரில் கழித்ததில்லை. தன் வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்வேன் என்று அங்கே சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பிரசவத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா போனார். பேத்தி பிறந்ததை இவர்கள் வீடியோ காலில் பார்த்தார்கள்.

கடன் வாங்கிக் காட்டும் பணம்

விசா மறுத்த செய்தி ஊருக்குள் பரவியதும் ஆலோசனைகள் வர ஆரம்பித்தன. பயண ஏற்பாட்டுத் தொழில் செய்யும் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கவுண்டில் பணம் இல்லாததால்தான் தரவில்லை, எட்டு லட்சம் மூன்று மாதத்துக்குப் போட்டு வைத்தால் போதும், வட்டிக்கு நானே ஏற்பாடு செய்கிறேன், விவசாயம் என்று போடாமல் வியாபாரம் என்று போட்டுக்கொள்ளலாம் என்றார். இதற்கு ‘ஷோ மணி’ என்று ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள்.

அவர் ஒருநாள் முழுக்க யோசித்தார். மகள் ஒரே கேள்விதான் கேட்டார். “மாசம் ஆயிரம் ரெண்டாயிரம் நடமாடுற கணக்குல திடீர்னு எட்டு லட்சம் வந்தா, அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா என்னப்பா சொல்லுவீங்க?”

பணம் காட்டச் சொல்லும் நாடுகள் கடைசி நாள் இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மாதக்கணக்கான வரவு செலவைப் பார்க்கின்றன. விளைச்சலைக் கமிஷன் கடையில் போட்டு ரொக்கமாக வாங்கிக்கொண்டு வருகிற விவசாயியின் கணக்கில் அந்த வரவு தெரியாது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பதால் வருமான வரிக் கணக்கும் இருக்காது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்றால் எடைச் சீட்டும் இருக்கும், பணம் வங்கிக் கணக்குக்கும் வரும். அந்த மாசியில் இருந்து அவர் பருத்தியை அங்கே கொண்டுபோனார். விசாவுக்குப் பயன்பட்டதோ இல்லையோ, பஞ்சின் தரம் பார்த்து ஏலம் போனதில் விலை தெளிவாகத் தெரிந்தது.

பட்டா பிரிந்த கதை

பெரிய விஷயம் வேறு ஒன்று இருந்தது. ஆறு ஏக்கர் என்று அவர் சொன்ன நிலம் அவர் பெயரில் இல்லை. அப்பா இறந்து பதினோரு வருஷம் ஆகியும் பட்டா அப்பா பெயரிலேயே இருந்தது. அவர், தம்பி, விருதுநகரில் கட்டிக்கொடுத்த தங்கச்சி என்று மூன்று பேருக்கும் அதில் உரிமை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து உழுது, சேர்ந்து விற்று, கையில் கிடைத்ததைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சண்டை இல்லாததால் யாரும் பத்திரம் பற்றிப் பேசவில்லை.

பேச்சை எடுத்தது தம்பிதான். “அண்ணே, நீ ஊருக்குப் போறேங்கிற. இருக்கையிலயே இதப் பிரிச்சுப் போட்ருவோம். நாளைக்கு நம்ம புள்ளைக அடிச்சுக்கிரக் கூடாதுல்ல.”

அண்ணன் தம்பி இரண்டாகப் பிரிக்கலாம், தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரம் வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஊரில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “அப்பா நெலத்துல எனக்கும் பங்கு இருக்குல்லண்ணே. விக்கவா கேக்குறேன்? எம் பேர்ல இருக்கட்டும்னுதான் கேக்குறேன்.” அவர் கேட்டது சட்டப்படியும் சரிதான். அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்பது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு என்று 2005 திருத்தம் சொல்லிவிட்டது.

நாலு மாதம் பேச்சுவார்த்தை. ஒரு கட்டத்தில் போன் பேசுவதுகூட நின்றது. கடைசியில் அவருடைய மனைவி விருதுநகர் போய் நாத்தனாரோடு ஒருநாள் இருந்துவிட்டு வந்தார். மூன்று பேருக்கும் ஆளுக்கு ரெண்டு ஏக்கர் என்று முடிவானது. கிணறும் அதைச் சுற்றிய வண்டிப்பாதையும் பொது. தங்கச்சி பங்கைத் தம்பி குத்தகைக்கு உழுவது.

அதற்குப் பிறகு நடந்தது முறைப்படி எல்லாரும் செய்ய வேண்டிய வேலைதான். இறப்புச் சான்று வைத்து வாரிசுச் சான்று வாங்கினார்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தார்கள். குடும்பத்துக்குள் பிரித்துக்கொள்ளும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையிலும் பதிவுக் கட்டணத்திலும் உச்சவரம்பு உண்டு என்பதால் பயந்த அளவுக்குச் செலவு ஆகவில்லை. பிறகு இ-சேவை மையத்தில் உட்பிரிவோடு பட்டா மாறுதலுக்கு மனு. நில அளவர் வந்து சங்கிலி பிடித்து, மூன்று பங்குக்கும் கல் நட்டார். புது உட்பிரிவு எண்ணோடு மூன்று தனிப்பட்டா வந்தது.

அவருடைய ஆறு ஏக்கர் ரெண்டு ஏக்கராகச் சுருங்கியது. ஆனால், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அடங்கலில் அவர் பெயர் ஏறியது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் அவர் பெயரிலேயே கிடைத்தது. பயிர்க் காப்பீட்டுக்குத் தம்பியின் கையெழுத்துத் தேவைப்படவில்லை. விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணுக்கும் பதிய முடிந்தது. விசா எண்ணமே இல்லாத விவசாயிக்கும் இவை எல்லாம் வேண்டியவைதான்.

இரண்டாவது முறை

பேத்திக்கு ஒரு வயது நிறைந்த பிறகு மறுபடி விண்ணப்பித்தார்கள். இந்த முறை தேதியை முடிவு செய்தது காடுதான். பங்குனியில் கடைசிப் பருத்தி எடுத்து, மாரை வெட்டிப் போட்டு, கோடை உழவும் முடித்துவிட்டால் வைகாசியில் இருந்து கை ஓய்வு. ஆவணியில் மறுபடி உழவு, புரட்டாசி மழைக்கு விதைப்பு. ஆக வைகாசி முதல் வாரம் கிளம்பி ஆடிக் கடைசிக்குள் வந்துவிட வேண்டும். மொத்தம் பதினோரு வாரம். முதல்முறை மறுத்ததைப் படிவத்தில் உள்ளது உள்ளபடி எழுதினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது வேறு அதிகாரி. எவ்வளவு நாள் என்று கேட்டார்.

“வைகாசியில போயிட்டு ஆடிக்குள்ள வந்துருவோம். ஆவணியில உழவு இருக்கு.”

நிலம் எவ்வளவு?

“ரெண்டு ஏக்கர். எம் பேர்ல.”

வேறு எங்காவது போவீர்களா என்று அதிகாரி கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது என்று மனைவி பிறகு சொல்லிச் சிரித்தார். “லப்பக்குன்னு ஒரு ஊரு இருக்காம், அங்க கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் பருத்தியாம். அதப் பாக்கணும்” என்று சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் பருத்தி அதிகம் விளைகிற மாநிலம் டெக்சாஸ். டாலஸில் இருந்து ஐந்து மணி நேரம் மேற்கே காரில் போனால் வரும் லப்பக் வட்டாரம் முழுக்கப் பருத்திதான். அங்கே மே, ஜூனில் விதைத்து, அக்டோபருக்கு மேல் இயந்திரம் விட்டு எடுக்கிறார்கள். இவர் போகும்போது செடி முழங்கால் உயரம்கூட இருக்காது. அது அவருக்குத் தெரியும். செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி விடுகிறார்கள், வரப்பே இல்லாத காட்டில் மழைத் தண்ணீரை எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இந்த முறையும் கோப்பைத் திறக்கச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டுகளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சில நாளில் விசா ஒட்டித் திரும்பி வந்தது.

எந்தப் பதிலுக்காகக் கொடுத்தார்கள் என்று இப்போதும் யாரும் சொல்லவில்லை. முதல்முறை ஆறு ஏக்கர் சொன்னவருக்குக் கிடைக்காதது, ரெண்டு ஏக்கர் சொன்னவருக்குக் கிடைத்தது. இடையில் சொத்து கூடவில்லை. சொன்ன பதில் அவர் வாழ்கிற வாழ்க்கையோடு பொருந்தியிருந்தது என்பது மட்டுமே வித்தியாசம்.

பலரும் கேட்கும் கேள்விகள்

பத்து வருஷ விசா என்றால் பத்து வருஷம் அங்கே இருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்க முடியாது. பத்து வருஷம் என்பது அந்த விசாவை வைத்துப் போய்வரக்கூடிய காலம். ஒவ்வொரு முறையும் எத்தனை நாள் தங்கலாம் என்பதை அமெரிக்க விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரிதான் முடிவு செய்வார். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் அடுத்த பயணத்துக்கு அதுவே வில்லங்கம்.

ஐரோப்பாவுக்கு இதே முறைதானா என்பது அடுத்த கேள்வி. ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து உட்பட 29 நாடுகளுக்குச் சேர்த்து ஷெங்கன் விசா என்று ஒரே விசா. 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அங்கே நேர்காணலை விடத் தாள்களுக்குத்தான் மதிப்பு. ஆகவே பட்டா, சிட்டாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைப்பதும், எந்த மாதம் விதைப்பு, எந்த மாதம் அறுவடை, அதற்கு ஏற்ப எப்போது போய் எப்போது திரும்புவது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி வைப்பதும் உதவும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும், பழைய நோய்க்கும் சேர்த்துத் தரும் காப்பீடா என்று கேட்டு வாங்க வேண்டும்.

டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்கலாமா என்ற கேள்வியில்தான் ஆபத்து இருக்கிறது. கூடவே கூடாது. வேலைக்கு என்று சொல்லி டூரிஸ்ட் விசாவில் அனுப்புகிற ஏஜென்ட், ஆளை அந்த நாட்டில் சட்டவிரோதமாக நிற்க வைக்கிறார். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, இணைய மோசடி செய்ய வைத்த கொடுமை 2022இல் வெளிவந்தது. மீட்கப்பட்டவர்கள் அந்த அக்டோபரில் சென்னை வந்து சேர்ந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் அந்த ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். நிலத்தை விற்றோ அடகு வைத்தோ ஏஜென்டுக்குக் கட்டுகிறவர்கள், திரும்பி வருவதற்கு இருக்கும் ஒரே காரணத்தையும் சேர்த்து விற்றுவிடுகிறார்கள்.

விவசாயி என்ற பெயரில் போய்த் திரும்பாமல் இருந்தால், பாதிப்பு அந்த ஒருவரோடு முடியாது. 2023 பிப்ரவரியில் கேரள அரசு நவீன விவசாயம் பார்க்க 27 விவசாயிகளை இஸ்ரேலுக்கு அழைத்துப் போனது. ஒருவர் குழுவை விட்டு விலகிப் போய்விட்டார். மாதக் கடைசியில் திரும்பி வந்து, புனிதத் தலங்களைப் பார்க்கத்தான் போனதாகச் சொன்னார். அதற்குள் எல்லாப் பத்திரிகையிலும் செய்தி வந்து, மொத்தக் குழுவுக்கும் அரசுக்கும் தலைகுனிவு. தமிழ்நாடு அரசும் 2025-26 வேளாண் பட்ஜெட்டில் 100 முன்னோடி விவசாயிகளை ஜப்பான், சீனா, வியட்நாம் நாடுகளுக்கு அனுப்புவதாக அறிவித்தது. போகிற ஒவ்வொருவரும் சொன்ன தேதிக்குத் திரும்பினால்தான் அடுத்த குழுவுக்கு விசா எளிதாகும்.

செருப்பில் ஒட்டிய கரிசல்

விசா கிடைத்த பிறகும் விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இறங்கியதும் விதை, செடி, பழம், மண் ஏதாவது கொண்டு வருகிறீர்களா, பண்ணைக்குப் போனீர்களா, ஆடு மாடுகளோடு இருந்தீர்களா என்று கேட்பார்கள். இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. இருந்தேன் என்று சொன்னால், செருப்பையும் பையையும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். சொல்லாமல் கொண்டுபோன பொருள் பிடிபட்டால் அபராதம் உண்டு. கறிவேப்பிலை, மாம்பழம், வீட்டு வெண்டை விதை எதையும் மகளுக்கென்று பையில் வைக்கக் கூடாது. ஒரு நாட்டில் சாதாரணமாக இருக்கிற பூச்சி இன்னொரு நாட்டில் வெள்ளாமையையே அழித்துவிடும் என்பதற்காகத்தான் இந்தக் கெடுபிடி.

திரும்பி வரும்போதும் அப்படித்தான். அங்கே காய்த்துத் தொங்குகிறதைப் பார்த்ததும் நாலு விதையை மடியில் முடிந்துகொள்ள எந்த விவசாயிக்கும் கை துடிக்கும். இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுப் பயிர் நலச் சான்றும் இல்லாமல் விதை கொண்டுவர 2003ஆம் ஆண்டு பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணை இடம் தரவில்லை. பார்த்ததைக் குறித்துக்கொண்டு வருவதற்கு அனுமதி தேவை இல்லை. அவர் அதற்காகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருக்கிறார்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. காட்டுக்குப் போட்டுப்போகும் டயர் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, புதுச் செருப்பில் கிளம்புவதாக ஏற்பாடு. ஊரில் இப்போது அவரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். விசா பற்றிக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அப்பா பெயரில் கிடக்கும் பட்டாவை எப்படி மாற்றுவது, தங்கச்சிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், சர்வேயருக்கு மனு எங்கே போடுவது என்று கேட்டுத்தான் மற்ற எல்லாரும் வருகிறார்கள்.